மாஸ்டர் ஏன் கையைத் தூக்கினார்

போன மாதம் கோலாலம்பூரிலிருந்து நிஷா என்ற பெண் போன் செய்தாள். பேஸ் என்கிற கனத்த குரல் தந்தி வாத்தியம் வாசிக்கிறவள். இருபத்தைந்து வயது இருக்கும். நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன ஜாஸ் குழு நடத்துகிறாள். அதில் ஏற்கெனவே பியானோ இருக்கிறது. புதிதாக வைப்ரஃபோன் வாசிக்கிற ஒருவரும் சேர்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றாக வாசித்தால் எல்லாம் கூழாகிவிடுகிறதாம்.

"அங்கிள், நீங்க இத்தனை வருஷம் ஹோட்டல்ல வைப்ஸ் வாசிச்சிருக்கீங்க. சின்ன குரூப்ல வைப்ஸுக்கு என்ன ரோல்னு ஒரே ஒரு பேஜ் எழுதித் தாங்க லா. சிம்பிளா இருந்தா போதும்," என்றாள்.

சிம்பிளாக வேண்டுமாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதற்கும் சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு தலையைச் சொறிகிற பழக்கம் உண்டு. ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கோலசிலாங்கூர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி வரவில்லை. இருபத்தெட்டு வருடம் செய்த வேலைக்கு என்ன பெயர் என்றே எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வைப்ரஃபோனைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பியானோவின் கட்டைகள் போல வரிசையாக அடுக்கிய உலோகப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் சின்னத் தகடு. மோட்டார் போட்டால் அது சுழலும், சத்தம் அலை அலையாக வரும். நூல் சுற்றிய குச்சிகளால் அடிப்போம். காலுக்கடியில் ஒரு பெடல். மிதித்தால் சத்தம் நீண்டு ஒலிக்கும். காலை எடுத்தால் கம்பளி சுற்றிய ஒரு கட்டை மேலெழும்பி வந்து பட்டைகளைத் தொட்டு, சத்தத்தை அப்படியே நறுக்கிவிடும். இந்தப் பெடல் விவகாரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையே அந்தப் பெடலில்தான் சிக்கியது.

நான் கற்ற கதை பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் உருமி மேளக் குழு ஒன்று இருந்தது. பத்து வயதிலிருந்து அதில் தட்டினேன். அங்கே ஒரு சட்டம்தான். முன்னால் நிற்கிற ராமையா மாமா உருமிக் குச்சியை மேலே தூக்கினால், அந்த அடியிலேயே எல்லாக் கையும் நிற்க வேண்டும். அதற்குமேல் ஒரு தட்டு அதிகமாகத் தட்டினவன் தலையில் அதே குச்சி விழும். எனக்கு நாலைந்து முறை விழுந்திருக்கிறது. பிறகு விழவேயில்லை. பள்ளி முடித்துச் சீருடை போட்டு வாசிக்கிற ஒரு பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்தேன். அங்கே மூலையில் துணி போர்த்திக் கிடந்த வைப்ரஃபோனை ஒரு நாள் தட்டிப் பார்த்தேன். அதோடு கதை முடிந்தது. அங்கிருந்து நகரத்தில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன்.

ஹோட்டலில் குழுத் தலைவர் அருளம்பலம் மாஸ்டர். பியானோ. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அவருடைய அப்பா எங்கள் தோட்டத்திலேயே கணக்கெழுதுகிற பெரிய கிராணியாக இருந்தவர் என்று. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கிற பெரட்டில் என் அப்பாவின் பேரைக் கூப்பிட்ட குரல் அவர் அப்பாவுடையது. இதை மாஸ்டரிடம் நான் சொன்னபோது, "ஓ, அப்பிடியோ," என்றார். அவ்வளவுதான். அதில் பெருமை இருந்ததா, சங்கடம் இருந்ததா, அல்லது வெறும் 'ஓ'வா என்று நானும் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

மாஸ்டர் ஹோட்டலுக்கு மூன்று மணிக்கு வருவார். வாசிப்பு நாலு மணிக்கு, தேநீர் நேரத்தில். கைக்குட்டையால் பியானோவின் கட்டைகளை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் துடைப்பார். நான் அதற்குள் சட்டத்தைப் பூட்டி, குழாய்களைத் தொங்கவிட்டு, பட்டைகளைக் கயிற்றோடு விரித்து, மோட்டாரின் வாரை மாட்டி முடித்திருக்க வேண்டும். நான் பட்டைகளைத் தட்டிப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. "சனம் வாறதுக்கு முன்னம் சத்தம் வேண்டாம்," என்பார். பேஸ் வாசிக்கிற தியாகுவும், டிரம்ஸ் வாசிக்கிற ஆ செங்கும் வந்து உட்கார்ந்த பிறகு, யாரையும் பார்க்காமல் வாசிக்கத் தொடங்குவார். என்ன பாட்டு என்று சொல்லவும் மாட்டார். முதல் இரண்டு கோர்டில், அதாவது அவர் சேர்த்து அழுத்துகிற சுரக்கொத்தில், நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அவருக்குப் பிடிக்காததை வாசித்தால் பியானோவின் மரத்தில் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். டக். அவ்வளவுதான். எது பிடிக்கவில்லை என்பது உங்கள் பாடு.

முதல் நாள் நான் பெருமையாகக் கைக்கு இரண்டாக நாலு குச்சி பிடித்து, கோர்டு கோர்டாக அடித்தேன். டக், டக், டக் என்று அவர் தட்டிக்கொண்டே இருந்தார். வாசிப்பு முடிந்ததும் என் பக்கம் வந்தார்.

"பியானோ ஒண்டு இருக்குத்தானே. இன்னொண்டு எதுக்கு?"

சரி என்று மறுநாள் இரண்டே குச்சியோடு போனேன். பாட்டின் மெட்டை மட்டும் வாசித்தேன். மற்ற நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் மறுபடி வந்தார்.

"என்ன நீர், கலியாண வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறீர்?"

அன்று நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அழாத குறை. வாசித்தால் ஏன் வாசித்தாய், வாசிக்காவிட்டால் ஏன் வாசிக்கவில்லை. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்கிற கதைதான். மூன்றாம் நாள் துணிந்து கேட்டேன்.

"மாஸ்டர், நான் என்னாதான் செய்யணும்? நான் சாக்ஸபோனா, பியானோவா, மேளமா?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நான் உள்ளுக்கு வாறதுக்கு நீர் இடம் விடும். நீர் வாறதுக்கு நான் விடுறன். வேற ஒண்டும் இல்லை."

இத்தனை வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே விளக்கம் அது. எங்கே விடுவது, எவ்வளவு விடுவது, ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் போகப் போகக் கொஞ்சம் பிடிபட்டது. ஒரு வரியை வாசித்துவிட்டுப் பெடலை மிதித்தபடியே குச்சியை எடுத்துவிடுவேன். என் சத்தம் மெல்லத் தேய்கிற அந்த இடத்தில் அவர் இரண்டு விரலால் ஏதோ ஒன்று வைப்பார். அது வந்து விழுகிற சுகம் இருக்கிறதே, அதற்காகவே நான் மறுநாள் வேலைக்குப் போனேன். சில நாள் வாசிப்பு முடிந்து சட்டையைச் சரிசெய்துகொண்டே, "இண்டைக்கு நீர் அங்க இருந்தனீர்," என்பார். அது பாராட்டா, ஏச்சா என்று நானும் தியாகுவும் ஆ செங்கும் ஆறு வருடம் விவாதித்தோம். முடிவு கிடைக்கவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஹோட்டலுக்குப் புது மேனேஜர் வந்தார். எங்கள் குழு தேவையா என்று தானே கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்றார். நாலு பேருடைய வேலையும் அந்த ஒரு வாசிப்பில் இருந்தது. மத்தியானம் இரண்டு மணி. கூடத்தில் நாற்காலிகளெல்லாம் மேசைமேல் கவிழ்த்துக் கிடந்தன. மேனேஜர் மட்டும் நடுவில் ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு, எலுமிச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்தார்.

மாஸ்டர் ஒரு மெதுவான பாட்டை எடுத்தார். நான் மோட்டாரை அணைத்துவிட்டு வாசித்தேன். மெட்டு நன்றாக முடிந்தது. பிறகு என் சோலோ, அதே பாட்டின் மேல் நான் தனியாக இரண்டு சுற்று. முதல் சுற்றில் மாஸ்டர் பின்னணியில் குறைவாகக் கோர்டு வைத்துக்கொண்டு வந்தார். நான் நன்றாகத்தான் வாசித்தேன். மேனேஜரின் கால்கூட ஆடியது.

இரண்டாம் சுற்று தொடங்குகிற இடத்தில் மாஸ்டர் இரண்டு கையையும் தூக்கினார்.

மடியில் வைக்கவில்லை. கட்டைகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், அப்படியே, காற்றில் நிறுத்தினார். நான் பார்த்தேன். பார்த்த அந்த அடியிலேயே என் குச்சிகள் நின்றுவிட்டன. குச்சி மட்டுமா, காலும் பெடலிலிருந்து எழும்பிவிட்டது. சத்தம் நறுக்கென்று அறுந்தது. தியாகு தனியாக இரண்டு தாளச் சுற்று ஓட்டினார். ஆ செங் டிரம்ஸைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே தியாகுவைப் பார்த்தார். பிறகு அவர்களும் நின்றார்கள்.

ஜாஸ் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பியானோக்காரர் கையை எடுத்தால், 'இந்தச் சுற்றை நீ தனியாகக் கொண்டு போ' என்று அர்த்தம். குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆறு வருடத்தில் அவர் பலமுறை அப்படிக் கையை எடுத்து மடியில் வைத்திருக்கிறார். நானும் தொடர்ந்து வாசித்திருக்கிறேன். ஆனால் அன்று கை மேலே நின்றது. ராமையா மாமாவின் குச்சி நிற்குமே, அந்த உயரத்தில். என் கையை நிறுத்தியது உருமி மேளமா, இல்லை பெரட்டில் கிராணி கையைத் தூக்கினால் வரிசையே நிற்கிற அந்தப் பயமா, எனக்குத் தெரியாது. இரண்டுமாகவும் இருக்கலாம். வெட்கமாக இருந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் கைகளைப் பார்த்தார். மாஸ்டர் அவற்றை மெல்ல இறக்கிக் கட்டைகளுக்குக் கீழே, மடிக்குக் கொண்டுபோனார். "தேங்க் யூ," என்றார் மேனேஜர்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் என் வீட்டுக்குப் போன் செய்தார். ஹோட்டலுக்கு மூன்று பேர் போதுமாம். பேஸ், டிரம்ஸ், வைப்ஸ். பியானோ வேண்டாமாம்.

"மாஸ்டர், நீங்க இல்லாம நான் போக மாட்டேன்," என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும்," என்று அதட்டினார். "நீர் போம். போய் வாசியும்."

"நான்தானே மாஸ்டர் நிப்பாட்டினேன்? என்னாலதானே?"

"சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். "அப்ப சரி," என்று வைத்துவிட்டார்.

நான் போனேன். பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். போகாமல் என்ன செய்வது? மாஸ்டர் நகரத்தை விட்டு சபாக்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

பியானோ இல்லாத குழுவில் வைப்ரஃபோனுக்கு வேறு வேலை. நாலு குச்சியும் வேண்டும். தியாகு சோலோ எடுத்தால் பின்னால் நான்தான் கோர்டு வைக்க வேண்டும். அதிகம் வைத்தால் பேஸ் மூழ்கிப் போகும். பட்டைகள் ஒலித்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு குச்சியால் அடித்து, மறு குச்சியை அழுத்திப் பழைய சத்தத்தை அணைத்துக்கொண்டே போக வேண்டும். இதையெல்லாம் நானே தட்டுத் தடுமாறிக் கற்றேன். ஆனால் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. வரிக்கு நடுவில் நிறுத்தி இடம் விட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆ செங்தான் முதலில் கேட்டார். எங்களோடு இருந்து இருந்து அவர் தமிழை ஒரு மாதிரி பேசுவார்.

"முத்து, அங்க ஏன் காலி விடுறே? யாருக்கு வெய்ட் பண்றே?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு இடமாக நிரப்பத் தொடங்கினேன். கொஞ்சம் கொஞ்சமாக, பல வருடத்தில். கடைசியில் நான் வாசித்தால் ஊசி நுழைய இடம் இருக்காது. கேட்டவர்கள் கை தட்டினார்கள். பியானோ இல்லாத குறையே தெரியவில்லை என்றார்கள். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சில் ஏதோ செய்யும்.

இதற்கு நடுவில் தியாகு ஒரு நாள் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். "உனக்குத் தெரியாதா? மாஸ்டருக்கு அப்பவே வலது கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. நம்மகிட்ட மறைச்சு வச்சிருந்தாரு."

அன்றிலிருந்துதான் உண்மையான குழப்பம். எனக்கு இடம் கொடுக்கக் கையைத் தூக்கினாரா? அப்படியானால் கொடுத்ததை நான் தரையில் போட்டு உடைத்தேன். நடுக்கம் வந்ததால் தூக்கினாரா? அப்படியானால் நான் மட்டும் வாசித்துக்கொண்டே போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் நிறுத்தியதால்தான் மேனேஜர் அந்தக் கையைப் பார்த்தார். அல்லது தன்னால் இனி முடியாது என்று தெரிந்து, இவன் தனியாகத் தாங்குவான் என்று மேனேஜருக்குக் காட்டத் தூக்கினாரா? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதில் நான் நிறுத்தியவன். அவருடைய வேலை போய், என்னுடைய வேலை இருந்தது.

நிஷா கேட்ட ஒரு பக்கம் எழுத வராமல் நான் இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, என் மனைவி சரசு தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தனை வருஷமா இந்தக் கதைய உருட்டிக்கிட்டு இருக்கீங்க. அந்த மனுசன் இந்தா இருக்கிற சபாக்லதானே இருக்காரு? போயிக் கேட்டுட்டு வாங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன லோரியில் வைப்ரஃபோனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எதற்கு ஏற்றினேன் என்று கேட்காதீர்கள், வெறுங்கையோடு போகக் கால் வரவில்லை. வழியில் செகிஞ்சானில் நெல் அறுப்பு. லோரிகள் வரிசையாக நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தன. அந்த அரை மணி நேரத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன்.

மாஸ்டர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. பக்கத்தில் சுவரோடு ஒட்டி ஒரு பியானோ. வலது கை மடியில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மறைக்கவில்லை.

"வாரும், மாரிமுத்து. இரும்," என்றார், நேற்றுத்தான் பார்த்தது போல.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேட்க வராது. "மாஸ்டர், அன்னிக்கு ஹோட்டல்ல, மேனேஜர் முன்னுக்கு வாசிச்சோமே. ரெண்டாவது சுத்துல நீங்க கையத் தூக்குனீங்க. நான் நிப்பாட்டிட்டேன். ஏன் மாஸ்டர் தூக்குனீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எண்டைக்கு?"

மறுபடி விவரமாகச் சொன்னேன். கவிழ்த்த நாற்காலி, எலுமிச்சைத் தண்ணீர், எல்லாம். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "எனக்கு நினைவில்லை, அப்பா," என்றார். நான் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த ஒன்று அவரிடம் இல்லவே இல்லை. அல்லது இருந்தும் இல்லை என்றாரோ? அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அப்போதும் முடிந்ததில்லை. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எதற்கு எது என்று தெரியாமல் நின்றேன்.

"லோரியில என்ன?" என்று கேட்டார்.

வைப்ரஃபோன் என்றேன்.

"பின்னை ஏன் நிக்கிறீர்? கொண்டாரும்."

பூட்டி முடிக்க இருபது நிமிடம் ஆனது. தட்டிப் பார்க்கவில்லை. அவர் கைக்குட்டையால் கட்டைகளைத் துடைத்தார், நடுவிலிருந்து இரண்டு பக்கமும். பிறகு யாரையும் பார்க்காமல் இடது கையால் தொடங்கினார். இரண்டாம் கோர்டில் எனக்குப் புரிந்துவிட்டது. அதே பாட்டு. நினைவில்லை என்ற மனிதர் அதே பாட்டை எடுக்கிறார். தற்செயலா, வேண்டுமென்றேதானா? யோசிக்க நேரமில்லை, மெட்டு வந்துவிட்டது.

முதல் சுற்று போனது. இரண்டாம் சுற்றின் வாசலில் அவர் கையை எடுத்தார்.

இந்த முறை நான் நிறுத்தவில்லை. செத்தாலும் நிறுத்துவதில்லை என்று வாசித்தேன். நாலு குச்சியும் வேலை செய்தது. என்னிடம் இருந்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. அவர் திரும்ப வரவில்லை. நாலாவது சுற்றில் எனக்கு மூச்சு வாங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஓய்ந்தேன்.

"என்ன மாஸ்டர், நீங்க வரவே இல்லையே?"

"நான் எப்பிடி வாறது?" என்றார் அவர், மெதுவாக. "நானும் பாத்துக்கொண்டே இருந்தனான். நீர் இடமே விடேல்லையே."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"திரும்பத் தொடங்கும்," என்றார்.

நிஷாவுக்கு இதைத்தான் அனுப்பப் போகிறேன். அவள் கேட்ட ஒரு பக்கம் இதில் எங்கே இருக்கிறது என்று அவளே தேடிக்கொள்ளட்டும்.

மாஸ்டர் திரும்பத் தொடங்கச் சொன்னதும், இரண்டு குச்சியைக் கீழே வைத்துவிட்டு, மீதி இரண்டோடு தொடங்கினேன். முதல் வரியை வாசித்துப் பெடலை மிதித்தபடியே குச்சியை எடுத்தேன். சத்தம் தேயத் தொடங்கியது. மாஸ்டரின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. கட்டைகளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து, நடுங்கிக்கொண்டு நின்றது. வரப் போகிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நான் காலை எடுக்கவில்லை. காத்திருந்தேன். ஒரு விரல் இறங்கியது. தாமதமாக இறங்கியது. பக்கத்துக் கட்டையும் சேர்ந்து ஒலித்தது. உடனே மரத்தில் நகத்தால் ஒரு தட்டு. டக்.

அது எனக்கா, அவருக்கா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வரியிலும் இடம் விட்டேன்.